கைவேலை மரச்சாமானுக்கு எப்படி விலை போடுகிறீர்கள்? டெல்டா பட்டறைக்காரர்கள் சொல்லுங்கள்

பாபநாசம்தச்சன்

எல்லோருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கத்தில் வீட்டோடு ஒட்டிய சின்னப் பட்டறை. அப்பா காலம் முழுக்க நிலை, கதவு, ஜன்னல் என்று வீட்டு வேலைதான். இப்போது தலைவாசல் நிலையும் கதவும் மட்டும் தேக்கில் கேட்கிறார்கள். உள்ளே எல்லாம் கடையில் வாங்கும் ரெடிமேட் கதவு, பாத்ரூமுக்கு பிவிசி. அதனால் நான் சின்னச் சாமான் பக்கம் வந்துவிட்டேன். பல்லாங்குழி, அஞ்சறைப்பெட்டி, நடைவண்டி, மணைப்பலகை, சப்பாத்திக்கட்டை, புரட்டாசி நெருங்கினால் கொலுவுக்குச் சின்ன மண்டபம். இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறேன், வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறது. பாதிக்கு மேல் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறது.

வேலைக்குக் குறைவில்லை, கையில் காசுதான் நிற்பதில்லை. பலாவில் ஒரே கட்டையில் குடைந்த பல்லாங்குழிக்கு 1,400 ரூபாய் சொல்கிறேன். "ஆன்லைனில் 450க்குக் கிடைக்குதே" என்று பதில் வருகிறது. அப்பாவைக் கேட்டால், "மரக்கிரயம் போடு, கூலி போடு, அதுக்கு மேல கேட்டா பாவம்" என்கிறார். அது போதுமா? நீங்கள் எப்படி விலை வைக்கிறீர்கள்?

கொட்டாப்புளி

தம்பி, அப்பா சொல்வதில் தப்பில்லை. ஆனால் அது வேறு தொழிலின் கணக்கு.

அந்தக் காலத்தில் மரம் யாருடையது? வீட்டுக்காரருடையது. அவரே மரவாடிக்குப் போய்ப் பார்த்து வாங்குவார், அல்லது கொல்லையில் நின்ற வேம்பையோ பூவரசையோ வெட்டி அறுத்து, கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் ஆகும் என்று திண்ணையோரம் அடுக்கி வைத்திருப்பார். ஆசாரி வந்து அளவெடுப்பார், இழைப்பார், பூட்டுவார், கூலி வாங்கிக்கொண்டு போவார். மரம் வெடித்தால் அது மரத்தின் குணம். வண்டு விழுந்தால் வீட்டுக்காரர் தலையெழுத்து. கழிவு விறகும் அவர் வீட்டு அடுப்புக்கே.

உங்கள் தொழிலில் மரமும் உங்களுடையது, அது காயும் வரை காத்திருப்பதும் உங்களுடையது, வெடித்தாலும் உங்களுடையது. பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்து ஆறு மாதம் கழித்து மூடி வளைந்தால் அதுவும் உங்கள் தலையில்தான். வீட்டுக்காரர் சுமந்த அத்தனையும் இப்போது நீங்கள் சுமக்கிறீர்கள். விலையை மட்டும் ஆசாரி கூலியாகவே போட்டால் காசு எப்படி நிற்கும்?

450 ரூபாய்க்காரரைப் பற்றிக் கவலை வேண்டாம். அது பெரும்பாலும் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை, இல்லாவிட்டால் மாம்பலகையில் சிஎன்சி என்ற கம்ப்யூட்டர் மெஷினை ஓட்டியது. அதைக் கேட்கிறவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை.

மன்னைமரவாடி

//அதைக் கேட்கிறவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை// இதைச் சொல்லிச் சொல்லியே நம் ஊரில் பாதிப் பட்டறை மூடிவிட்டது அண்ணே. எல்லோருமே விலை கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

குடந்தைகணக்கன்

நான் தச்சன் இல்லை. சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். கொட்டாப்புளி ஐயா சொன்னதை எண்ணில் போட்டுப் பார்க்கலாம். விலைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், அவரவர் ஊர் விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பல்லாங்குழி 18 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 2 அங்குலக் கனம் என்று வைப்போம். 18 × 6 × 2 = 216 கன அங்குலம். ஒரு கன அடி 1,728 கன அங்குலம், ஆக சரியாக அரைக்கால் கன அடி. பலா உருட்டு மரம் கன அடி 1,200 என்றால் 150 ரூபாய் மரம் என்று தோன்றும். இங்கேதான் ஏமாறுகிறோம். வெள்ளை (பட்டைக்கு அடுத்த இளமரம்) போக, வெடிப்புப் போக, ரம்பம் தின்றது போக, இழைத்தது போக, உருட்டில் பாதிதான் பலகையாகக் கையில் நிற்கும். எனவே மரம் 300. அறுப்புக்கூலி, வண்டி 40. உப்புத்தாள், எண்ணெய், மெழுகு 60. அட்டைப்பெட்டி, கூரியர் 150. மின்சாரம், பிளேடு, கொட்டகை 100. ஒரு நாளுக்கு ஒன்று முடிக்கிறீர்கள், உங்கள் நாள்கூலி 1,000 என்றால் மொத்தம் 1,650. பத்தில் ஒன்று வெடிப்பிலோ திரும்பி வந்தோ போகும் என்று வைத்தால், தேறும் ஒன்பதும் அதன் செலவைத் தாங்க வேண்டும். அசல் 1,830க்கு மேல் வந்துவிடுகிறது.

நீங்கள் சொல்லும் விலை 1,400. அதாவது வாங்குகிறவர் ஒவ்வொருவருக்கும் உங்கள் கூலியில் நானூறு ரூபாயைச் சேர்த்துப் பொட்டலம் கட்டி அனுப்புகிறீர்கள்.

இதில் மரம் காயக் காத்திருக்கும் செலவை நான் சேர்க்கவே இல்லை. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்று தச்சர்கள் சொல்வார்கள். இரண்டு அங்குலப் பலகைக்கு இரண்டு வருடம். 40,000 ரூபாய்க்கு மரம் வாங்கி அடுக்கினால், 12 சதவீத வட்டியில் இரண்டு வருடத்துக்கு 9,600 ரூபாய். பணம் சொந்தப் பணமாக இருந்தாலும் அது முடங்கித்தான் கிடக்கிறது.

பாபநாசம்தச்சன்

ஐயா, இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "கணக்குப்பிள்ளை ஒரு பல்லாங்குழிக்கு ஒரு நாள்ங்கிறாரே, அவர் வந்து குடைஞ்சு பார்க்கட்டும்" என்றார். 🙂 ஒரு நாளில் முடியும்தான், ஆனால் வேறு எந்த வேலையும் குறுக்கே வரக்கூடாது.

மன்னைமரவாடி

அதைத்தான் நான் சொல்ல வந்தேன். ஒவ்வொன்றாகச் செய்தால் யாருக்கும் கட்டாது. ஆறு பலகையை ஒன்றாக இழைத்து, ஒரே அச்சு வைத்து எல்லாவற்றிலும் குழியைக் குறித்து, 14 குழியையும் முதலில் டிரில் பிரஸ்ஸில் (நிறுத்தி வைத்துத் துளை போடும் மெஷின்) பெரிய பிட் போட்டுக் குடைந்துவிட்டு, அடி உருட்டலை மட்டும் கைஉளியில் முடியுங்கள். ஆறு உருப்படி நாலு நாளில் முடியும். குடந்தைகணக்கன் முறையிலேயே போட்டால் கூலி ஒன்றுக்கு 667தான். மொத்தம் 1,317, வெடிப்பு நஷ்டம் சேர்த்து 1,460 சொச்சம். அதன் மேல் 25 சதவீத லாபம் வைத்தாலும் 1,830க்குள் விற்கலாம். முன்பு அசலாக வந்த அதே தொகையில் இப்போது லாபமும் இருக்கிறது.

இதற்கே சிலர் "மெஷின் போட்டால் கைவேலை ஆகுமா" என்று சண்டைக்கு வருவார்கள்.

கொட்டாப்புளி

சண்டைக்கு வரவில்லை. இழைப்பு மெஷின் இல்லாமல் நானும் இப்போது வேலை செய்வதில்லை. தோள்பட்டை கேட்பதில்லை. எதை மெஷினில் செய்தோம், எதைக் கையில் செய்தோம் என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டால் போதும். மறைத்தால்தான் தப்பு. குழியின் அடியை உளியில் முடித்தால் சோழி எடுக்கும்போது விரல் வழுக்கிக்கொண்டு மேலே வரும். டிரில் பிட் விட்ட தட்டை அடியில் சோழி மூலையில் ஒதுங்கி நிற்கும், நகத்தால் கிளற வேண்டும். படத்தில் இது தெரியாது. ஒரு ஆட்டம் ஆடினால் தெரிந்துவிடும். உங்கள் விலைக்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது, அதை வீடியோ எடுத்துப் போடுங்கள்.

பூவரசம்பீப்பி

மயிலாடுதுறையிலிருந்து எழுதுகிறேன். நானும் என் வீட்டுக்காரரும் அடுப்படிச் சாமான் மட்டும் செய்கிறோம். அவர் பட்டறை, நான் விற்பனை. தச்சன் தம்பி, நீங்கள் வரிசையாகச் சொன்ன ஆறு சாமானில் பாதியை விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு கனம், வேறு மரம், வேறு பெட்டி. எங்களிடம் கரண்டி, சப்பாத்திக்கட்டை, மத்து, அஞ்சறைப்பெட்டி, அவ்வளவுதான்.

அஞ்சறைப்பெட்டியில் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் விலைக் கணக்கும் புரியும். இழுத்து மூடும் பலகை மூடி. கார்த்திகையில் செய்யும்போது காடி, அதாவது மூடி ஓடும் பள்ளம், கச்சிதமாக இருக்கும், ஒரு விரலால் தள்ளினால் ஓடும். அதே பெட்டி சென்னையில் ஏசி போட்ட வீட்டுக்குப் போனால் மூடி சுருங்கிக் கடகடவென்று ஆடும், சாய்த்தால் மஞ்சள்தூள் மிளகோடு கலந்துவிடும். சித்திரையில் செய்து மழைக்காலத்தில் இங்கேயே ஒரு வீட்டில் இருந்தாலோ, மூடி ஊறிக் காடியைப் பிடித்துக்கொள்ளும். அந்த அம்மா கத்தியை விட்டு நெம்பிப் பலகையை உடைத்துவிட்டு எங்களுக்குப் படம் அனுப்புவார்.

இப்போது மூடியை ஒரே பலகையாகப் போடுவதில்லை. சுற்றிலும் சட்டம், நடுவில் மெல்லிய பலகை. பலகைக்குப் பசை கிடையாது, காடிக்குள் சும்மா நிற்கும், இரண்டு பக்கமும் நூல் இடைவெளி. பழைய வீட்டுக் கதவில் பெரியவர்கள் செய்திருப்பது இதுவேதான். மரம் குறுக்குவாட்டில் மட்டும்தான் சுருங்கி விரியும், நீளவாட்டில் அசையாது. சட்டம் அளவு மாறாமல் நிற்கும், நடுப்பலகை தன் பாட்டுக்கு ஊறட்டும், காயட்டும். வேலை கூடுதல், விலையும் கூட்டினோம். "ஏன் 300 ரூபாய் ஏற்றினீர்கள்" என்று கேட்டவர்களுக்கு அந்தக் காடியைப் படம் எடுத்து அனுப்பினேன். பெரும்பாலும் வாங்கிவிட்டார்கள்.

ஈரமானி

பூவரசம்பீப்பி அக்கா சொன்னதற்கு எண் தருகிறேன். நான் திருவாரூர், வேலை வேறு, மரம் பொழுதுபோக்கு.

மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி தானே ஏறி இறங்கி ஒரு அளவில் நிற்கும். நம் மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும், அப்போது கொட்டகையில் எவ்வளவு நாள் கிடந்தாலும் மரத்தின் ஈரம் 15, 16 சதவீதத்துக்குக் கீழே போகாது. 65 சதவீத ஈரக்காற்றில் ஏறத்தாழ 12. ஏசி அறையில் 50 சதவீதம் என்றால் 9 அளவுக்கு இறங்கிவிடும். ஐப்பசியில் இங்கே செய்த பெட்டி பெங்களூரு கோடையில் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் காய்ந்த மரமாக இருந்தாலும் மழைக்காலத்தில் திரும்ப ஈரம் குடிக்கும், அதை மறக்கிறோம்.

ஈரம் அளக்கும் கருவி வாங்கும் வரை இப்படிச் செய்யுங்கள். பலகையின் நடுவிலிருந்து (ஓரத்தில் வேண்டாம், ஓரம் சீக்கிரம் காயும்) ஒரு சின்னத் துண்டு அறுத்து, நகைத் தராசு போன்ற சின்ன எலக்ட்ரானிக் தராசில் நிறுத்து எழுதுங்கள். கேக் செய்யும் ஓவனில் 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, எடை இனிக் குறையவில்லை என்ற நிலை வரும்வரை காய விடுங்கள். 115 கிராம் துண்டு 100 கிராமில் நின்றால், போன 15 கிராமை 100ஆல் வகுத்து 15 சதவீதம் ஈரம். தொழிற்கூடங்களிலும் இதே முறைதான். வீட்டில் ஓவனுக்கு அனுமதி வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.

பாபநாசம்தச்சன்

அப்படியானால் காய்ந்த மரம் எங்கே கிடைக்கும்? அறுவை மில்லில் "நல்லா காஞ்சது தம்பி" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கையில் எடுத்தால் கனக்கிறது.

உத்திரம்

இதற்குத்தான் காத்திருந்தேன். பழைய வீடு பிரிக்கும் இடத்தில் கிடைக்கும்.

நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்கிறவர்களைப் பாருங்கள். ஆச்சா மரம்தான் எடுப்பார்கள், அதுவும் பழைய கட்டடங்களில் இருந்து பிரித்த மரம். பல பத்தாண்டு ஓட்டுக்கூரைக்கு அடியில் கிடந்து, ஏற வேண்டியது ஏறி இறங்க வேண்டியது இறங்கி, இனி ஆட்டம் காட்டாது என்ற நிலைக்கு வந்த மரம். புது ஆச்சாவைக் கடைந்து துளை போட்டால் வெடித்துவிடும். அந்த நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது, தஞ்சாவூர் வீணைக்கு 2013இலேயே கிடைத்துவிட்டது. வீணைக்காரர்களுக்கும் பலாதான், அதனால் நல்ல பலா உருட்டு வந்தால் உங்களுக்கு முன் அவர்கள் நிற்பார்கள், விலையும் அவர்கள் தருவார்கள். கனமான உருட்டுக்குப் போட்டி போடாதீர்கள். வீணைக்கு உதவாத கிளைக்கட்டை, குறுந்துண்டு பல்லாங்குழிக்கும் கரண்டிக்கும் தாராளம்.

கும்பகோணம், திருவையாறு, மன்னார்குடி பக்கம் ஓட்டு வீடு பிரிப்பது நடந்துகொண்டே இருக்கிறது. உத்திரம், தூண், கைமரம், பரண் பலகை. வாங்கும்போது கவனிக்க வேண்டியது சுவருக்குள் இருந்த முனை. அங்கே சுண்ணாம்பும் ஈரமும் சேர்ந்து கறையானுக்கு விருந்து வைத்திருக்கும். சுத்தியலால் தட்டுங்கள், கணீர் என்றால் எடுங்கள், பொத்பொத்தென்றால் அந்த முழத்தை அளவில் கழித்துவிட்டு விலை பேசுங்கள். அப்புறம் ஆணி. காந்தம் வைத்துத் தடவாமல் இழைப்பு மெஷினில் விட்டால் பிளேடு போச்சு.

பூவரசம்பீப்பி

உத்திரம் அண்ணே, அடுப்படிச் சாமானுக்கு மட்டும் பழைய மரம் வேண்டாம். அதில் எந்தக் காலத்துப் பெயின்ட், கறையான் மருந்து, கருப்பெண்ணெய் ஏறியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கரண்டி வாயில் போகிற சாமான்.

உத்திரம்

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. பல்லாங்குழி, மண்டபம், மணைப்பலகைக்குத்தான் சொன்னேன்.

கோடியக்கரைக்காற்று

மரம் வாங்கி அடுக்கி வைப்பது பற்றி ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் பக்கம் கரையேறியதே, வேதாரண்யத்திலிருந்து முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னை மட்டுமா விழுந்தது? மா, பலா, பூவரசு, வேம்பு, தூங்குமூஞ்சி எல்லாம் வேரோடு கிடந்தன. வந்த விலைக்கு விறகுக்குத்தான் போயின. யார் கையிலும் பணம் இல்லை, அறுக்க மில்லுக்குக் கரண்ட் இல்லை, தலைக்கு மேல் கூரையே இல்லாதபோது மரத்தை யார் அடுக்குவது? கொஞ்சம் பேர் கடன் வாங்கி, அந்த மரத்தை எடுத்து அறுத்து வைத்தார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து அவர்கள் பட்டறையில்தான் நல்ல பலகை இருந்தது. அடுத்தவர் இழப்பில் வந்த லாபம், அதனால் அதைப் பற்றிப் பேசவே சங்கடப்படுவார்கள்.

அப்போது தென்னையில் சாமான் செய்யலாம் என்று நிறையப் பேர் இறங்கினார்கள். வெளிப்பக்கம் உளி மழுங்கும் அளவுக்குக் கடினம், நடுவில் வெறும் சோறு. முற்றின மரத்தின் அடிப்பகுதியில் வெளிவட்டம் மட்டும்தான் தேறும். கரண்டி, கைப்பிடி, தட்டு செய்யலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் பிளேடு செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கொட்டாப்புளி

அடுக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அங்கேயே கோட்டை விடுகிறார்கள். மரத்தை அறுத்த அன்றே இரண்டு வெட்டுமுனையிலும் பெயின்ட்டோ உருக்கிய மெழுகோ தடவுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் ஓடும், அது சீக்கிரம் காய்ந்தால் முனை பிளக்கும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கல் வைத்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரே கனமான ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை நேர்க்கோட்டில் வையுங்கள். மேல் ரீப்பர் ஒரு பக்கம், கீழ் ரீப்பர் ஒரு பக்கம் என்று விலகினால் பலகை அந்த வளைவிலேயே காய்ந்து நின்றுவிடும். காற்று குறுக்கே போக வேண்டும், வெயில் நேரே படக்கூடாது. மேலே பாரத்துக்குப் பழைய ஆட்டுக்கல் இருந்தால் ஏற்றிவிடுங்கள்.

மாவும் தூங்குமூஞ்சியும் வாங்கினால் வெள்ளைப் பகுதியில் வண்டு நிச்சயம். மரத்தில் இருக்கும் மாவுச்சத்துக்குத்தான் அது வருகிறது. எங்கள் தாத்தா உருட்டைக் கோயில் குளத்துக்குப் பின்னால் இருந்த குட்டையில் மாதக்கணக்கில் போட்டு வைப்பார், சத்து தண்ணீரில் இறங்கிவிடும். இப்போது குட்டையும் இல்லை, இருந்தாலும் நாற்றத்துக்கு ஊர் சண்டைக்கு வரும். பொம்மைக்கும் மண்டபத்துக்கும் போரக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் ஊற வைத்துக் காய வைக்கலாம். அடுப்படிச் சாமானுக்கு வெள்ளையை முழுக்கச் சீவிவிட்டு உள்ளே இருக்கும் வைரத்தை மட்டும் எடுங்கள்.

சின்னத்தச்சன்2001

மர கரண்டிக்கு என்ன ஆயில்? நான் தேங்காய் எண்ணெய்தான் தடவித் தருகிறேன், பாட்டி காலத்து முறை.

பூவரசம்பீப்பி

பாட்டி தினமும் புழங்கினார், அதனால் தெரியவில்லை தம்பி. தேங்காய் எண்ணெய் மரத்துக்குள் காய்ந்து இறுகாது. பெட்டியில் அடைத்து அலமாரியில் வைத்தால் சிக்குவாடை வரும். ஆளிவிதை எண்ணெய் தானாக இறுகும், ஆனால் நன்றாகக் காய வாரக்கணக்கில் ஆகும். ஹார்டுவேர் கடையில் "வேக வைத்தது" என்று விற்பதில் சீக்கிரம் காய மருந்து கலந்திருப்பார்கள், அதைக் கரண்டிக்குத் தொடாதீர்கள். உணவுத்தர மினரல் ஆயிலில் தேன்மெழுகைக் கரைத்துத் தடவுவது எங்கள் வழக்கம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வைத்துவிட்டுப் போடுங்கள்.

மன்னைமரவாடி

மழையில் அரக்கு பாலிஷ் போடுகிறவர்களுக்கும் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் பாலிஷ் போட்டால் காலையில் வெள்ளை பூத்து நிற்கும். காற்றின் ஈரம் பாலிஷோடு சேர்ந்துகொள்கிறது. அந்த மாதங்களில் மெழுகு, எண்ணெய் வேலை மட்டும் வைத்துக்கொண்டு பாலிஷ் வேலையை ஆவணிக்குள் முடித்துவிட வேண்டும். கொலு ஆர்டரும் ஆடியிலேயே வாங்கி ஆவணியில் முடித்தால்தான் நிம்மதி. புரட்டாசியில் வந்து "நாளான்னிக்குக் கொலு, ஒரு மண்டபம்" என்பவருக்கு இல்லை என்று சொல்லப் பழகுங்கள்.

பாபநாசம்தச்சன்

இல்லை என்று சொல்வதுதான் வரமாட்டேன் என்கிறது. போன வாரம் ஒருவர் எட்டடி ஊஞ்சல் பலகை கேட்கிறார், பூவரசில், ஒரே பலகை, ஒட்டு கூடாதாம், கல்யாணத்துக்கு. நல்ல தொகை. எடுக்கலாமா?

கொட்டாப்புளி

காய்ந்த பலகை கையில் இருந்தால் எடுங்கள். இல்லை என்றால் எவ்வளவு கொடுத்தாலும் எடுக்காதீர்கள். இரண்டு அங்குலப் பூவரசுப் பலகை பச்சையாகப் போட்டால் கல்யாணத்தன்று நன்றாக இருக்கும், தலைதீபாவளிக்குள் வாழைப்பூ மடல் மாதிரி விரிந்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உங்கள் பெயர் ஆடும்.

எடுத்தால் பாதித் தொகை முன்பணம். வெட்கப்படாதீர்கள். முன்பணம் தராதவர் நடுவில் அளவை மாற்றுவார்.

குடந்தைகணக்கன்

ஒரு பெரிய ஆர்டர் வந்தால் வழக்கமான சின்னச் சாமான் எவ்வளவு தள்ளிப்போகிறது என்றும் பாருங்கள். ஊஞ்சலுக்குக் கூரியர் இல்லை, லாரி பார்சல்தான். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5,000ஆல் வகுப்பார்கள். 50 × 20 × 10 பெட்டி 2 கிலோ கணக்கு. பல்லாங்குழிக்கு அது பாதகமில்லை. நடைவண்டியைப் பூட்டியபடி அனுப்பினால் காற்றுக்குக் காசு கட்டுகிறீர்கள், கழற்றி மாட்டும்படி செய்யுங்கள்.

ஜிஎஸ்டி பற்றித் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள், எல்லோருக்கும் உதவும். பொருள் விற்பனைக்குத் தமிழ்நாட்டில் வருடம் 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலம் அனுப்பினால் பொதுவாகத் தொகை எவ்வளவானாலும் பதிவு வேண்டும், ஆனால் அறிவிக்கையில் உள்ள கைவினைப் பொருட்களுக்கு 20 லட்சம் வரை அதில் விலக்கு உண்டு. உங்கள் சாமான் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். மர அடுப்படிச் சாமான், மரப் பொம்மை, மரக் கைவினைப் பொருட்களுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5. நாற்காலி, கட்டில் போன்ற மர ஃபர்னிச்சருக்கு 18. வாங்கும் மரத்துக்கும் 18. ஆக, பதிவு செய்தவர் 18 கட்டி வாங்கி 5க்கு விற்கிறார், மரத்துக்குக் கூடுதலாகக் கட்டிய வரியை மனுப் போட்டுத் திரும்பப் பெறலாம், பொறுமை வேண்டும்.

கடனுக்குத் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் பாருங்கள். 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், 5 சதவீதம் வட்டி மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பம். 35 வயது ஆகியிருக்க வேண்டும்.

பாபநாசம்தச்சன்

எனக்கு இன்னும் 35 ஆகவில்லை ஐயா.

குடந்தைகணக்கன்

அப்பா பெயரில் கேட்டுப் பாருங்கள். வரும் பணத்தில் மெஷின் வாங்காதீர்கள், மரம் வாங்குங்கள்.

மன்னைமரவாடி

இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். டிரில் பிரஸ் இல்லாமல் ஆறு ஆறாகச் செய்வது நடக்காது. முதலில் மெஷின், அதில் வரும் லாபத்தில் மரம்.

குடந்தைகணக்கன்

மெஷின் வந்த நாளிலிருந்து தேயும். மரம் அடுக்கில் இருக்க இருக்க விலை ஏறும். வட்டியைக் கழித்தாலும்.

மன்னைமரவாடி

வண்டு விழாத வரைக்கும்.

கொட்டாப்புளி

இரண்டு பேரும் சரிதான், பழைய டிரில் பிரஸ் ஒன்றைச் சல்லிசாகப் பார்த்து வாங்கிவிட்டு மிச்சத்துக்கு மரம் எடுங்கள். பட்டறைக்கு ஆள் சேர்ப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசிப் பயனில்லை, பையன்கள் வரமாட்டார்கள்.

பாபநாசம்தச்சன்

எல்லோருக்கும் நன்றி. பல்லாங்குழி 1,850 என்று மாற்றிவிட்டேன். அறிவித்ததும் இரண்டு பேர் ஆர்டரை விட்டுவிட்டார்கள், மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சப்பாத்திக்கட்டையையும் நடைவண்டியையும் நிறுத்திவிட்டேன். ஊஞ்சலுக்கு, தையில் தருகிறேன், உத்திரம் அண்ணனிடம் பழைய பலகை கிடைத்தால் மட்டும் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு விலை இன்னும் ஒப்பவில்லை. ஆனால் கொல்லையில் கொட்டகை போட இடம் காட்டினார், மரம் அடுக்க.

கோடியக்கரைக்காற்று

தம்பி, மரம் வாங்குவதாக இருந்தால் எங்கள் ஊரில் ஒருவர் பூவரசு ஒன்று தருகிறாராம். சுற்றளவு நாலடி, நேராக பத்தடி தேறும். 10 கன அடி என்று விலை சொல்கிறார்.

உத்திரம்

சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதோடு பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் 10 கன அடிதான் வரும், வாடிக் கணக்கு சரி. உண்மையில் அந்த உருட்டில் 12.7 கன அடி மரம் இருக்கும், அந்த 2.7 அறுவைக் கழிவுக்கு விடுவது. அதனால் பட்டையோடு அளந்தாரா, பட்டை சீவி அளந்தாரா என்று கேளுங்கள். பட்டையோடு என்றால் விட்டுக்கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்.

கொட்டாப்புளி

அதற்கு முன்னால் மரம் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். பட்டா நிலமா, வாய்க்கால் கரையா?

கோடியக்கரைக்காற்று

கேட்டேன். "வாய்க்காலுக்கும் எங்க கொல்லைக்கும் நடுவுல" என்கிறார்.

கொட்டாப்புளி

விட்டுவிடுங்கள் தம்பி, வேறு மரம் பார்ப்போம்.